எட்டு ஓமா, நாலு ஓமா?

ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் பின்னால் 8 ஓம் என்று போட்டிருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் 6 ஓம் பக்கம்தான் காட்டும். ஸ்பீக்கரில் கோளாறு எதுவும் இல்லை. மீட்டர் அளப்பது காயில் கம்பியின் தடையை மட்டும். பாட்டு ஓடும்போது அதே காயிலின் எதிர்ப்பு சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும்; ஓரிடத்தில் 7 ஓம், இன்னோரிடத்தில் 30 ஓம்கூட வரலாம். இதைத்தான் இம்பிடன்ஸ் என்கிறார்கள். மேலே போட்டிருக்கும் 8, கணக்குப் போட வசதியாக வைத்த எண்.

ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஒரே ஓமில் இருந்தே ஆகவேண்டும் என்று சொல்வது வால்வு ஆம்ப்ளிஃபையர் காலத்துப் பேச்சு. அதில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. 4, 8, 16 ஓமுக்குத் தனித்தனி முனைகள் இருந்தன. இன்றைய டிரான்சிஸ்டர், ஐசி ஆம்ப்ளிஃபையர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பின்பக்கம் குறித்திருக்கும் ஓமுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும்.

ஏன் இறங்கக்கூடாது? ஆம்ப்ளிஃபையர் 20 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும், 50 வாட். 4 ஓம் என்றால் 5 ஆம்பியர், 100 வாட். 2 ஓம் என்றால் 10 ஆம்பியர். சத்தம் கூடுகிறதே என்று சந்தோஷப்படும்போது உள்ளே ஹீட் சிங்க் கொதிக்கும், ஐசி போய்விடும். ஓம் கூடினால் ஆபத்தில்லை, வாட்தான் குறையும்.

பெரும்பாலும் விபரீதம் நடப்பது இரண்டாவது ஸ்பீக்கரைச் சேர்க்கும்போதுதான். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம். சீரிஸில் கொடுத்தால் 16. இரண்டு 4 ஓமை பேரலலாகக் கொடுத்தால் 2 ஓம். பெரும்பாலான வீட்டு ஆம்ப்ளிஃபையர்கள் அதைத் தாங்காது.

கோயில் திருவிழா மைக் செட்டில் கதை வேறு. தெருக்கோடியில் 100 மீட்டர் தள்ளிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் வயர் போக வர 200 மீட்டர். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்றால் வயர் மட்டுமே 3.4 ஓம் பக்கம் வரும். 8 ஓம் குழாயை நேராக மாட்டினால் அனுப்பிய வாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வயரிலேயே வீணாகும். அதற்காகத்தான் 100 வோல்ட் லைன். ஒவ்வொரு குழாயிலும் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 30 வாட் முனையில் வைத்தால் அந்தக் குழாய் ஆம்ப்ளிஃபையருக்கு 333 ஓமாகத் தெரியும். வயரின் 3.4 ஓம் அதன் முன் ஒன்றுமே இல்லை. ஓமைக் கூட்டிக் கழிக்கும் வேலையும் இல்லை. வாட்டைக் கூட்டினால் போதும். 250 வாட் ஆம்ப்ளிஃபையரில் 30 வாட் குழாய் எட்டு கட்டலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 16 ஓம் குழாயை மறந்துபோய் 100 வோல்ட் முனையில் மாட்டிவிடாதீர்கள். கணக்குப்படி அது 625 வாட் கேட்கும். ஒன்று குழாய் எரியும், இல்லை ஆம்ப்ளிஃபையர் போகும். அந்த முனையில் வருவது ஷாக் அடிக்கும் மின்சாரம் என்பதால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு வயரில் கை வையுங்கள்.