இதயமுடுக்கிக்குள் இருக்கும் சிலிக்கான்

இதயமுடுக்கி பொருத்திக்கொண்டோரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "அந்தச் சிறு பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?" என்பதாகும். உள்ளே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது மின்கலம். எஞ்சிய இடத்தில் சிலிக்கான் சில்லு அமைந்த மின்சுற்று இருக்கிறது. இதயம் தானாகத் துடிக்கிறதா என்று இடைவிடாது கவனித்து, துடிப்பு தாமதமானால் தூண்டுதல் அனுப்புவது அந்தச் சில்லே.

சிலிக்கான் அரிய பொருளன்று. புவியோட்டின் எடையில் கால் பங்குக்கும் மேல் அதுவே. ஆற்று மணலில் ஆக்சிஜனோடு இணைந்து கிடக்கிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவக் கல்வி நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான பெர்சீலியஸ் 1824-இல் அதைத் தனியே பிரித்தெடுத்தார். முழுவதுமாக உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் இதயமுடுக்கியும் அதே கரோலின்ஸ்காவின் பெயர்கொண்ட மருத்துவமனையில்தான், 1958 அக்டோபர் 8 அன்று பொருத்தப்பட்டது.

அந்த நோயாளி ஆர்னே லார்சன். வயது 43. இதயத் துடிப்பு தடைப்பட்டு ஒரே நாளில் பலமுறை நினைவிழந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்சே-மேரி, அறுவை மருத்துவர் ஓகே செனிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாமல் சென்று வற்புறுத்தினார். மனிதருக்குப் பொருத்தத்தக்க கருவி இன்னும் ஆயத்தமாகவில்லை என்று அவர்கள் கூறியும் அவர் ஓயவில்லை. எல்ம்க்விஸ்ட் இரண்டு சிலிக்கான் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு சுற்றமைத்து, காலணி மெருகு டப்பாவையே அச்சாக்கிப் பிசின் வார்த்துக் கருவியை உருவாக்கினார். முதற்கருவி சில மணி நேரத்திலேயே பழுதுற்றது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது பொருத்தப்பட்டது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டு, லார்சன் 86 வயது வரை வாழ்ந்து 2001-இல் மறைந்தார். அவரைக் காத்த இருவரும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டனர்.

சிலிக்கான் ஏன்? 1947-இல் உருவான முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. ஜெர்மானியத்தில், மின்னோட்டம் நின்றிருக்க வேண்டிய வேளையிலும் சிறிது கசியும். வெப்பம் ஏற ஏறக் கசிவும் கூடும். உடலுக்குள்ளோ எப்போதும் 37 டிகிரி வெப்பம். சிறு மின்கலத்தை நம்பி ஆண்டுக்கணக்கில் இயங்க வேண்டிய கருவிக்கு அக்கசிவு பெருங்கேடு. சிலிக்கானில் அது மிகமிகக் குறைவு. பாஸ்பரஸ், போரான் போன்றவற்றை அணுவளவில் கலந்து, அதன் மின்கடத்தும் தன்மையை வேண்டியவாறு அமைத்துக்கொள்ளவும் இயலும்.

"பேட்டரி மாற்ற வேண்டும்" என்று மருத்துவர் கூறும்போது, சில்லு கெட்டுவிட்டது என்று பொருளன்று. டைட்டானியம் பெட்டி காற்றும் நீரும் புகாதபடி முழுவதும் மூடப்பட்டது. மின்கலத்தை மட்டும் எடுக்க வழியில்லை. ஆகவே பெட்டியையே மாற்றுகிறோம். இதயத்துக்குச் செல்லும் கம்பிகள் நன்னிலையில் இருந்தால் பெரும்பாலும் அவையே தொடரும்.

அக்கம்பிகளின் மேலுறை பலவற்றில் சிலிக்கோன் என்னும் ரப்பர் போன்ற பொருளாகும். பெயர் ஒலிப்பில் நெருங்கியிருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றெனக் கருதுகின்றனர். சிலிக்கோன் என்பது சிலிக்கானோடு ஆக்சிஜன், கார்பன் முதலியன சேர்ந்த சேர்மம். அது மின்சாரத்தைக் கடத்தாது. சிறுநீர்க் குழாய்கள் சிலவும் அதனால் ஆனவை.

கைபேசியும் சிலிக்கான் சில்லுகளால் இயங்குவதே. கவனிக்க வேண்டியது அதிலுள்ள காந்தத்தையும் அது வெளியிடும் அலைகளையும். வலிய காந்தம் மிக அருகே வந்தால், இதயமுடுக்கி இதயத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே சீரான வேகத்தில் துடிப்பனுப்பத் தொடங்கலாம். காந்தம் விலகியதும் பழைய நிலைக்குத் திரும்பும். எனவே கைபேசியைக் கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருங்கள். நம் ஆண்கள் பலருக்கு அதைச் சட்டையின் இடப்பக்கப் பையில் வைக்கும் வழக்கம் உண்டு. பெரும்பாலோருக்குக் கருவி இருப்பதும் அப்பக்கமே. கருவிக்கு எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் செல்லுமுன் கருவியின் அடையாள அட்டையைத் தவறாமல் காட்டுங்கள். எல்லா வகைக் கருவிகளும் அதற்கு ஏற்றவை அல்ல. அட்டையின் நகலொன்று துணைக்கு வருவோரிடமும் இருக்கட்டும்.