அந்தச் சங்கிலி யாருடையது?

வழிப்பறி வழக்கில் தண்டனை பெற்றவர் மேல்முறையீட்டுக்குப் போனால், அவருடைய வக்கீல் வழக்கமாக எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: "நகை புகார்தாரருடையதுதான் என்பதற்கு ரசீது எங்கே?"

கேட்கக் கனமான கேள்வி. ஆனால் சட்டத்தில் அதற்குப் பாதி வலுதான். திருட்டு வழக்கில் பார்க்கப்படுவது சொத்துரிமை அல்ல, பொருள் யார் வசம் இருந்தது என்பதே. அடகு வைத்த தன் கைக்கடிகாரத்தையே கடனை அடைக்காமல், அடகு பிடித்தவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்பவரும் திருடரே என்று 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் உதாரணம் காட்டியது. எனவே இரவல் சங்கிலியைப் பறிகொடுத்தவரும் தாராளமாகப் புகார் தரலாம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பறிபோனதும் பிடிபட்டதும் ஒரே நகைதானா? புகாரில் வெறுமனே "ஐந்து பவுன் செயின்" என்று எழுதியிருந்தால் அது ஊரில் எத்தனையோ கழுத்துகளில் கிடக்கும். "டாலரில் ஒரு கல் விழுந்திருக்கும், கொக்கி பற்றவைத்தது" என்று முதல் நாளே சொல்லியிருந்தால், நீதிமன்றத்தில் அடையாளம் காட்டும்போது அந்தச் சொல்லுக்குத் தனி மதிப்பு.

அடுத்தது, நகை எப்படிக் கிடைத்தது என்பது. போலீசிடம் "நான்தான் பறித்தேன்" என்று சொன்னது சாட்சியமாகாது. "இந்த இடத்தில் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி, அங்கே நகை கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவான இது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. மகஜர் சாட்சிகள் பிறழ்ந்தாலும், புலனாய்வு அதிகாரியின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் வழக்கு நிற்கும்.

திருட்டு நடந்த சில நாட்களிலேயே பொருள் ஒருவரிடம் இருந்து, அவர் சரியான விளக்கம் தராவிட்டால், அவரே திருடர் அல்லது தெரிந்தே திருட்டுப் பொருளை வாங்கியவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுமானித்தே ஆக வேண்டும் என்பதில்லை. 'சில நாட்கள்' என்பதற்குச் சட்டம் கணக்கும் வைக்கவில்லை. கைமாறக் கைமாற அனுமானம் தளர்ந்துவிடும். உருக்கிய கட்டியாகக் கிடைத்த தங்கத்தையோ உரியவராலேயே அடையாளம் காட்ட முடியாது.

2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகைகளில் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளம் பொறிக்கப்படுகிறது. உங்கள் நகையில் அது இருந்தால் ரசீதிலேயே குறித்து வையுங்கள். நகையைப் படமும் எடுத்து வையுங்கள்.