முதல் பேஸ் ஆம்ப்: வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், வீட்டையும் பாருங்கள்

இசைக்குழு தொடங்கலாம் என்று ஐந்து பேர் கூடினால், பாட இரண்டு பேர் கை தூக்குவார்கள். கிட்டாருக்கு ஒருவர் வருவார், கீபோர்டுக்கும் ஒருவர் கிடைப்பார். பேஸ் கிட்டாருக்குத்தான் ஆள் இருக்காது. அது கடினமான வாத்தியம் என்பதால் அல்ல. சாதாரண கிட்டாரை வீட்டு வாசலில் உட்கார்ந்து அப்படியே வாசிக்கலாம். மின் பேஸ் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் வாசித்தால் எதிரே இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அதனால் பேஸ் கற்க நினைக்கும் மாணவர் ஒன்றல்ல, இரண்டு பொருள் வாங்க வேண்டியிருக்கிறது.

நான் கேமரன் மலையில் உள்ள திரிங்காப்பில் வளர்ந்தவன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறைக்கு வீடு திரும்பும்போதெல்லாம் நண்பர்களோடு சேர்ந்து வாசிப்பேன். அண்மையில் பக்கத்து வீட்டுத் தங்கை ஒருத்தி, நான்காம் படிவ மாணவி, "அண்ணா, எனக்கு எந்த ஆம்ப் வாங்கலாம்?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா ஒதுக்கி வைத்திருப்பது 500 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு 500 ரிங்கிட் என்பது விளையாட்டுக் காசு இல்லை. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பேஸ் எதற்கு?

இளையராஜாவின் பழைய பாடல்களை ஒரு நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். குரலுக்கு அடியில் இன்னொரு மெட்டு தனியாக நடந்து போவது தெரியும். அவரது குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மானுடன் கீத் பீட்டர்ஸ் பல ஆண்டுகள் வாசித்திருக்கிறார். மோகினி டே என்ற இளம் பெண்ணும் ரஹ்மானின் மேடைகளில் பேஸ் வாசித்துப் பெயர் பெற்றவர். இவர்களின் வாசிப்பைக் கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் கேட்டால் பாதி காணாமல் போகும். ஆம்ப் தேர்வில் உள்ள சிக்கலும் இதுவேதான்.

கொஞ்சம் இயற்பியல்

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல் வரும். பல வீடுகளின் முன்கூடம் அவ்வளவு நீளம் இருக்காது.

மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலியை உணரும் திறன் குறைவு. அதனால் கிட்டார் ஆம்ப்பில் 15 வாட் தரும் சத்தத்தைப் பேஸில் பெற அதைவிடக் கூடுதல் வாட் தேவைப்படும். இதைக் கேட்டதும், "அப்படியானால் 100 வாட்டே வாங்கிவிடலாமே" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். அந்த வித்தியாசம் காதுக்குச் சிறியது. சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 40 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் இடையில் விலையில் தெரிகிற வித்தியாசம் காதில் அநேகமாகத் தெரியாது.

எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

என் பெரியப்பா மகன் ஈப்போவில் ஒரு குழுவில் வாசிப்பவர். ஒரு தீபாவளிக்குத் தன் 100 வாட் ஆம்ப்பை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்களுடையது பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வரிசை வீடு. அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, எங்க பக்கம் பாட்டு கேக்கலப்பா, தகரந்தான் கேக்குது" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. உயர்ந்த ஒலியைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். தாழ்ந்த ஒலி அதைக் கடந்துபோய் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை அதிரவைக்கும். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் கடைக்குப் போகுமுன் உங்கள் இடத்தை எண்ணிப் பாருங்கள். அறையில் தனியாகப் பயிற்சி செய்ய 10 முதல் 25 வாட் வரை தாராளம். சாதாரண கிட்டார், கீபோர்டு, தபேலா அல்லது கஹோனோடு நாலு பேர் கூடி ஜாமிங் செய்ய 40 வாட் அளவு பொருந்தும். முழு டிரம் செட்டோ உருமி மேளமோ பக்கத்தில் இருந்தால் 100 வாட்டும் திணறலாம். அந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் மண்டபத்தின் ஒலிபெருக்கி இருக்கும். உங்கள் ஆம்ப்பில் அதனோடு இணைக்கும் 'லைன் அவுட்' இருந்தால் போதும், பெரிய ஆம்ப்பைச் சுமந்து போக வேண்டியதில்லை.

வரிசை வீட்டில் இருப்பவர்களுக்கும் விடுதி மாணவர்களுக்கும் வாட்டைவிட முக்கியமானது ஹெட்போன் துளை. அது இல்லாத ஆம்ப்பை முதல் ஆம்ப்பாக வாங்காதீர்கள். கைப்பேசியிலிருந்து பாட்டைப் போட்டு அதோடு சேர்ந்து வாசிக்க 'ஆக்ஸ்' துளையும் இருப்பது நல்லது. ஆம்ப்பே வாங்க முடியாத நிலையில், பேஸ் கிட்டாரிலேயே நேராகச் செருகும் தீப்பெட்டி போன்ற ஹெட்போன் ஆம்ப்கள் கிடைக்கின்றன. வாக்ஸ் நிறுவனத்தின் 'ஆம்ப்பிளக்' அப்படி ஒன்று. இரண்டு சிறிய பேட்டரியில் இயங்கும்.

புளூடூத் ஸ்பீக்கரில் வாசிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கம்பியைத் தட்டிய பிறகு ஒலி தாமதமாக வரும் என்பதால் தாளம் தவறும். சாதாரண கிட்டார் ஆம்ப்பில் மெதுவாக வாசித்தால் பரவாயில்லை, சத்தத்தைக் கூட்டினால் அதன் ஸ்பீக்கர் கிழிய வாய்ப்புண்டு.

எத்தனை கிலோ?

மின் பேஸ் கிட்டாரை வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான லியோ ஃபெண்டர், ஆண்டு 1951. அதற்கேற்ற 'பேஸ்மேன்' ஆம்ப் அடுத்த ஆண்டே வந்தது. 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் 'எஸ்.வி.டி' ஆம்ப்பை வெளியிட்டது. அதனோடு வைக்கும் எட்டு ஸ்பீக்கர் பெட்டியை இசைக்கலைஞர்கள் 'ஃபிரிட்ஜ்' என்றே அழைப்பார்கள். இன்று விற்கும் அதன் வடிவம்கூட 60 கிலோவுக்கு மேல்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. பழைய வகை ஆம்ப்கள் மின்சாரத்தில் கணிசமான பகுதியை வெப்பமாக வீணாக்கின. அதற்குக் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடுகளும் தேவைப்பட்டன. 'கிளாஸ் டி' வகையில் மின்சாரம் வினாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடப்படுகிறது. வெப்பம் குறைவு, அதனால் எடையும் குறைவு. ஃபெண்டர் ரம்பிள் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 25 வாட் ஆம்ப் சுமார் 9.5 கிலோ. அதைவிடச் சக்தி கூடிய 40 வாட் ஆம்ப் சுமார் 8 கிலோதான். வாட் கூடினால் எடையும் கூடும் என்ற பழைய கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது.

விலை உயர்ந்த ஆம்ப்களில் ஸ்பீக்கர் காந்தமும் நியோடிமியத்தால் ஆனது. சிறிய அளவிலேயே வலிமை மிக்க காந்தம் அது. நம் பகாங் மாநிலத்தின் கெபெங்கில், கழிவு குறித்த சர்ச்சைகளுக்கு நடுவே இயங்கிவரும் அரிய மண் ஆலையில் பிரித்தெடுக்கப்படுவதில் இந்த நியோடிமியமும் அடங்கும்.

மலைவாசிகளுக்கு எடை ஏன் முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. நான் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறேன். தோளில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கி, வீட்டுப் படிகளில் ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் முடிந்தால் அந்த எடைதான் உங்கள் எல்லை. தூக்க முடியாத ஆம்ப் வீட்டு மூலையிலேயே தங்கிவிடும், நீங்களும் நண்பர்கள் கூடும் இடத்துக்குப் போக மாட்டீர்கள்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். என்னுடையது பல்கலைக்கழக மூத்த மாணவர் ஒருவரிடம் 400 ரிங்கிட்டுக்கு வாங்கிய 40 வாட் ஆம்ப். பக்கத்து வீட்டுத் தங்கைக்கும் அதே அளவில் பழையது ஒன்றைத் தேடும்படி சொன்னேன். மீதிப் பணத்தில் நல்ல கேபிளும் ஹெட்போனும் வாங்கிவிடலாம்.

பழையது வாங்கும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். முதலில் எதுவும் வாசிக்காமல் ஆம்ப்பை மட்டும் முடுக்கி, இரைச்சல் கூடுதலாக வருகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு குமிழையும் மெல்லத் திருப்பிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசி சேர்ந்திருக்கிறது. தடித்த கம்பியை ஓரளவு சத்தமாக வாசியுங்கள். ஸ்பீக்கர் படபடத்தால் கிழிசல் இருக்கலாம். ஹெட்போன் துளையையும் சோதியுங்கள்.

பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டை மறக்காமல் படியுங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருள்கள் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, அமெரிக்கப் பொருள்கள் 120. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நேராகச் செருகினால் புகைதான் வரும். மூன்று முனை பிளக்கில் 'எர்த்' முனையை யாராவது வெட்டியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஆம்ப் வேண்டாம். கிட்டார் கம்பி வழியாக உங்கள் கையில் மின்சாரம் பாயலாம்.

மலையில் இன்னும் இரண்டு பழக்கம் தேவை. இங்கே ஈரப்பதம் அதிகம் என்பதால் ஆம்ப்பைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்துத் துணியால் மூடுங்கள். பிற்பகல் இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் எட்டவில்லையென்றால், ஆம்ப்பை ஒருவரே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் தோட்டத்திலோ கம்பத்திலோ நாலு பேர் சேர்ந்து வாசிக்கிறீர்கள் என்றால் பங்கு போட்டு ஒன்று வாங்குங்கள். யாருடைய வீட்டில் அக்கம்பக்கம் தள்ளி இருக்கிறதோ அங்கே வையுங்கள். மற்ற நாள்களில் அவரவர் வீட்டில் ஹெட்போன் ஆம்ப் போதும். பெரிய ஆம்ப் வாங்கும் காலம் வரும்போது, உங்களுக்கு எது தேவை என்பதை யாரையும் கேட்காமலே நீங்கள் தெரிந்துவைத்திருப்பீர்கள்.