ஃப்ரீசர் திரையை அப்படியே நம்பாதீங்க

நம்ம ஃப்ரீசர்கள்ல ஐஸ்கிரீமை விட ஊர்ச் சாப்பாடுதான் அதிகம்: அம்மா வந்தப்போ செய்து வைத்த மீன்குழம்பு, துருவிய தேங்காய், முருங்கைக்கீரை. எங்கள் வீட்டில் போன மாதம் ஐஸ்கிரீம் கரண்டியில் குழைந்தது. திரையோ மைனஸ் 18 டிகிரி என்றது. வந்து பார்த்த மெக்கானிக், "புதுசு வாங்கிடுங்க" என்றார்.

திரை காட்டுவது சென்சார் சொல்வதை மட்டும்தான். ஒரு ஃப்ரீசர் தெர்மாமீட்டரை ராத்திரி முழுக்க உள்ளே வைத்தேன். காலையில் மைனஸ் 12. கதவு ரப்பர் சரி, உள்ளே பனி அடைப்பும் இல்லை. சந்தேகம் சென்சார் மேல் விழுந்தது.

ப்ளக்கைப் பிடுங்கி, சென்சாரைக் கழற்றி, ஐஸ்கட்டி நிறைந்த தண்ணீரில் சில நிமிடம் வைத்து, மல்டிமீட்டரால் அளந்தேன். இந்த வகை சென்சாரில் குளிர் கூடினால் மின்தடையும் கூடும். எங்கள் மாடலின் சர்வீஸ் தாளில் 0 டிகிரிக்குச் சுமார் 16 கிலோ ஓம், மீட்டரில் 23. இருப்பதைவிட அதிகக் குளிர் என்று அது பொய் சொல்ல, கம்ப்ரஸர் சீக்கிரமே நின்றுவிடுகிறது. சென்சாரை மட்டும் மாற்றினேன், சரியாகிவிட்டது.

குழம்பு? மைனஸ் 12-ல் கிருமி பெருகாது. ருசிதான் சீக்கிரம் குறையும். முழுக்க உருகி, 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்துக்கும் அதிகமாக இருந்ததென்றால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நீங்களே கழற்றத் தயக்கமா? மெக்கானிக்கிடம், "முதலில் சென்சாரை அளந்து பாருங்க" என்று கேளுங்கள்.