பழுதென்று எறியுமுன்: கணனியில் தொலைக்காட்சி பார்க்க உதவும் சிறு கருவி

ஒரு விவசாயியிடம் நீரிறைக்கும் இயந்திரம் இருக்கிறது. கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. ஆனால் வேறிடத்தில் வாங்கிய குழாயின் புரி இயந்திரத்தின் வாயோடு பொருந்தவில்லை. பயிர் வாடுகிறது. இங்கே பழுதானது எது? இயந்திரமுமல்ல, கிணறுமல்ல. இரண்டையும் இணைக்கும் ஒரு துண்டுதான் இல்லை.

கணனிகளிலும் இத்தகைய நிலைமை அடிக்கடி ஏற்படுகிறது. நல்ல நிலையிலுள்ள கருவியைச் செருகியதும் கணனி அதைக் கண்டுகொள்ளாவிட்டால், "பழுது" என்று ஒதுக்கிவிடுகிறோம். இதற்கு உதாரணமாக, டிஜிட்டல் தொலைக்காட்சி அலைகளைக் கணனிக்குள் கொண்டுவரும் சிறு கருவியை எடுத்துக்கொள்வோம். விரல் நீளமே உள்ள இக்கருவியை யூஎஸ்பி துளையில் செருகி, அன்ரெனாவை இணைத்தால் கணனியே தொலைக்காட்சிப் பெட்டியாகிவிடும். ஐரோப்பாவில் இவை பெருந்தொகையாக விற்பனையாகின.

கருவிக்குள் நடப்பது என்ன?

கருவிக்குள் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. முதலாவது, காற்றில் வரும் பல அலைகளிலிருந்து நாம் கேட்கும் அலைவரிசையை மட்டும் பிரித்தெடுப்பது. இரண்டாவது, அந்த அலையில் பொதிந்துள்ள செய்தியை எண்களாக மாற்றுவது. அவ்வெண்கள் 188 பைற்று அளவுள்ள சிறு பொட்டலங்களாகக் கணனிக்குள் செல்கின்றன. அவற்றைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றுவது கணனியிலுள்ள மென்பொருளின் வேலை.

ஆனால் கருவி தானாக எதையும் செய்யாது. "இந்த அலைவரிசைக்குத் திரும்பு", "இப்போது அனுப்பத் தொடங்கு" என்று அதற்குக் கட்டளையிட வேண்டும். ஒவ்வொரு சில்லும் தனக்குரிய மொழியிலேயே கட்டளையை ஏற்கும். அம்மொழியை அறிந்த மென்பொருளை ஆங்கிலத்தில் "ட்றைவர்" என்பர். பேருந்துச் சாரதிக்கும் அதே சொல்தான். தமிழில் "இயக்கி" எனலாம்.

இயக்கி ஏன் கிடைப்பதில்லை?

கருவியைச் செய்யும் நிறுவனம் விண்டோஸ் இயங்குதளத்துக்கு ஓர் இயக்கியை எழுதிப் பெட்டியோடு கொடுத்துவிடும். வாங்குவோரில் பெரும்பாலோர் அதையே பாவிப்பதால், மற்றவர்களுக்காகச் செலவு செய்வதில்லை. லினக்ஸ் பாவிப்பவர்களுக்குப் பல தொண்டர்கள் கூடி, சில்லு சில்லாக ஆராய்ந்து இயக்கிகளை எழுதினார்கள். அவற்றின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

இவற்றிலும் சிறிய கூட்டம் ஒன்று உண்டு. 1993 இல் தொடங்கிய ஃபிறீ பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளம், கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான மென்பொருளிலிருந்து வளர்ந்தது. உறுதியானது, நெட்பிளிக்ஸ் நிறுவனம் தன் படங்களை அனுப்பும் கணனிகளில் ஓடுவது. ஆனால் வீட்டுக் கணனியில் அதைப் பாவிப்பவர்கள் சிலரே. அவர்களுக்காகத் தொலைக்காட்சிக் கருவிக்கு இயக்கி எழுத எந்த நிறுவனமும் முன்வரவில்லை.

கண்டுபிடித்த வழி

நூற்றுக்கணக்கான இயக்கிகளைப் புதிதாக எழுத அந்தச் சிறு கூட்டத்தால் முடியாது. நோர்வே நாட்டவரான ஹான்ஸ் பீற்றர் செலாஸ்கி என்ற நிரலாளர் வேறு விதமாகச் சிந்தித்தார். லினக்ஸ் இயக்கிகளை மாற்றாமல், அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய உறையை அமைத்தார். உறைக்குள் இருக்கும் இயக்கி, தான் லினக்ஸிலேயே இருப்பதாக எண்ணி வேலை செய்கிறது. வெளியே ஃபிறீ பிஎஸ்டி தனக்குப் பழகிய முறையிலேயே கருவியைக் காண்கிறது. இந்த மென்பொருளின் பெயர் வெப்கேம்டி. நாம் முதலிற் சொன்ன இணைப்புத் துண்டு இதுதான்.

இதில் இரண்டு நன்மைகள் உண்டு. வெப்கேம்டி இயங்குதளத்தின் கருவுக்கு வெளியே, சாதாரண நிரலைப் போல ஓடுகிறது. ஆகவே அது இடையில் நின்றுபோனாலும் முழுக் கணனியும் விழுந்துவிடுவது அரிது. மேலும், லினக்ஸின் உரிமவிதியும் ஃபிறீ பிஎஸ்டியின் உரிமவிதியும் வேறானவை. இரண்டும் தனித்தனியே இருப்பதால் சிக்கல் எழுவதில்லை.

செய்ய வேண்டியவை

1. கருவியின் எண்ணை அறியுங்கள். பெட்டியிலுள்ள பெயரை மட்டும் நம்பவேண்டாம். ஒரே பெயரில் வெவ்வேறு சில்லுகள் கொண்ட கருவிகள் விற்கப்பட்டதுண்டு. ஒவ்வொரு யூஎஸ்பி கருவியும் தன்னைச் செய்தவரின் எண்ணையும் தன் மாதிரி எண்ணையும் கணனிக்குச் சொல்லும். அந்த இரண்டையும் குறித்துக்கொண்டு, லினக்ஸில் இயக்கி உண்டா என்று பாருங்கள். றியல்ரெக் நிறுவனத்தின் ஆர்ரிஎல் 2832யூ சில்லு கொண்டவை மலிவானவை. அவற்றுக்கு இயக்கி உண்டு.

2. வெப்கேம்டியை நிறுவுங்கள். அதற்குத் துணையான கியூஸ் என்ற பகுதி ஃபிறீ பிஎஸ்டியிலேயே உள்ளது. கணனி தொடங்கும்போது இரண்டும் இயங்குமாறு அமையுங்கள்.

3. அனுமதி கொடுங்கள். பாவிப்பவரின் பெயரை வெப்கேம்டி குழுவில் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு, கருவி பழுதென்று எண்ணுவோர் பலர்.

4. சில சில்லுகளுக்கு நிலைபொருள் என்ற சிறு கோப்பும் தேவை. கருவிக்குள் ஏற்றப்படும் இக்கோப்பு இல்லாவிட்டால், கருவி பட்டியலில் தெரியும், ஆனால் வேலை செய்யாது.

5. அலைவரிசைகளைத் தேடுங்கள். தேடிக் கிடைத்த பட்டியலை விஎல்சி, எம்பிளேயர் போன்ற மென்பொருள்களிற் பயன்படுத்தலாம்.

எல்லாம் சரி, படம் இல்லை

இப்போது கருவியை விட்டு அலையைக் கவனியுங்கள். கருவியோடு வரும் குட்டி அன்ரெனா பல இடங்களில் போதாது. பழைய முறையில் அலை பலவீனமானால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். டிஜிட்டல் முறையிலோ ஓரளவுக்குக் கீழே படமே மறைந்துவிடும்.

அலையின் முறையும் பொருந்த வேண்டும். ஐரோப்பாவில் டிவிபி-ரி, அமெரிக்காவில் ஏரிஎஸ்சி, ஜப்பானில் ஐஎஸ்டிபி-ரி என்று முறைகள் வேறுபடும். பேர்ளின் நகரம் 2003 ஆம் ஆண்டிலேயே பழைய ஒளிபரப்பை நிறுத்தி டிவிபி-ரிக்கு மாறியது. பின்னர் 2017 மார்ச் 29 ஆம் திகதி ஜேர்மனியின் பெருநகரங்கள் டிவிபி-ரி2 என்ற புதிய முறைக்கு மாறின. அன்றோடு அந்நகரங்களில் பழைய கருவிகள் மௌனமாகின. எந்த இயக்கியும் அவற்றைப் பேசவைக்க முடியாது. இலங்கை 2014 இல் தெரிவு செய்தது ஜப்பானிய முறையை. ஆகவே ஐரோப்பிய முறைக்கென்றே செய்த கருவியை உறவினர் அனுப்பினால், இங்கு தொலைக்காட்சி பார்க்க உதவுமென்று எதிர்பார்க்க வேண்டாம். அனுப்பச் சொல்லுமுன்பே முறையைக் கேட்டறிவது நல்லது.

கடைசியாக ஒன்று

ஃபிறீ பிஎஸ்டியின் யூஎஸ்பி பகுதியைப் புதிதாக எழுதியவரும் செலாஸ்கிதான். அவர் 2023 இல் காலமானார். பலர் பயன்படுத்திய பாலம் ஒருவரின் தோளிலேயே பெருமளவுக்கு நின்றிருந்தது. லினக்ஸ் இயக்கிகள் மாறும்போது அந்த உறையும் மாறவேண்டும். அதைச் செய்ய ஆட்கள் வேண்டும். மூலநிரல் திறந்திருப்பதால் அடுத்தவர் தொடரலாம். பூட்டிய நிரலாயின் அவரோடு அதுவும் முடிந்திருக்கும்.

ஆகவே ஒரு கருவி வேலை செய்யாதபோது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: குறை கருவியிலா? இணைப்பிலா? வரும் அலையிலா? இம்மூன்றையும் பிரித்துப் பார்த்த பிறகே எறிவதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்யுங்கள். இயந்திரத்தை விற்றபின் குழாயின் புரியைப் பார்ப்பதில் பயனில்லை.