கடல் கடந்து படிக்கும் பிள்ளையும் கல்லூரியின் பெயர்ப்பதிவும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் ‘பெரட்டு’ என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள். ஆள் நின்றால் செக்ரோலில் பதிவு விழும். ஆள் இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அந்தச் செக்ரோல் கடைசியில் ஆபீசுக்குப் போகும். வேலை செய்தவருக்கும் ஆபீசுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு பதிவுதான். அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பெயர்ப்பதிவு உண்டு. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இதைப் பற்றிப் பேச வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் மாலை, என் பழைய மாணவன் ஒருவனின் தகப்பனார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி அவர். மகன் இங்கே ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்கப் பட்டப்படிப்பின் முதற்பகுதியை முடித்துவிட்டு, மீதியைப் படிக்க அமெரிக்கா போயிருந்தான். கண் கலங்க அவர் கேட்டது இதுதான்: “சார், பையன் எந்தத் தப்பும் செய்யலையே. கணக்குப் பாடம் கஷ்டமா இருக்குன்னு ஒரே ஒரு பாடத்தைத்தானே விட்டான்? விசாகூட இன்னும் முடியல. எதுக்கு சார் திரும்பி வரச் சொல்றாங்க?”

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அந்த நிலை வந்திருக்காது.

நேயர்களே, விசா என்பது வாசற்கதவைத் திறக்கும் சாவி மட்டுமே. உள்ளே போன பிறகு அங்கே தங்கிப் படிக்கும் உரிமை வேறொன்றைப் பொறுத்தது. ‘இந்த மாணவன் எங்கள் கல்லூரியில் பதிந்து முழுநேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறான்’ என்று அவனுடைய கல்லூரி அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிவுதான் அவனுடைய உரிமைக்கு ஆதாரம்.

அமெரிக்காவில் இந்தப் பதிவு ஒரு கணினி முறையில் நடக்கிறது. அதன் பெயர் ‘செவிஸ்’. அது பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993-ஆம் ஆண்டு நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்தவர்களில் ஒருவர் மாணவர் விசாவில் வந்து, படிப்பை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர். அக்காலத்தில் எல்லாம் காகிதக் கட்டுகளாக இருந்தன. ஒரு மாணவர் கல்லூரியை விட்டுப் போனாலும் அரசாங்கத்துக்குத் தெரிய வழியில்லை. ஆகவே, வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களைத் திரட்ட வேண்டும் என்று 1996-இல் சட்டம் வந்தது. வேலையோ மெதுவாகவே நடந்தது. பிறகு 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் தாக்குதல் நடந்தது. அதற்குச் சரியாக ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில், புளோரிடாவிலுள்ள ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்குக் குடிநுழைவுத் துறையிடமிருந்து கடிதம் வந்தது. அந்தத் தாக்குதலில் இறந்துபோன இரண்டு கடத்தல்காரர்களுக்கு மாணவர் தகுதி வழங்கப்பட்டதாக அந்தக் கடிதம் அறிவித்தது! நாடே அதிர்ந்தது. 2003-ஆம் ஆண்டில் செவிஸ் முறை எல்லாக் கல்விக்கூடங்களுக்கும் கட்டாயமாயிற்று.

இனி, அது எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அரசாங்கச் சான்று பெற்ற கல்விக்கூடமாக அது இருக்க வேண்டும். அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கென்று நியமிக்கப்பட்ட அலுவலர் ஒருவர் இருப்பார். அரசாங்கக் கணினியில் எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. மாணவருக்கு இடம் கிடைத்ததும் அவர் ‘ஐ-20’ என்னும் படிவத்தைத் தயாரித்துத் தருவார். அதில் மாணவருக்கென்று ஒரு தனி எண் இருக்கும். நம் அடையாளக் கார்டு எண்ணைப் போல, படிப்பு முழுவதும் அவரைத் தொடர்ந்து வரும் எண் அது. இந்தப் படிவத்தைக் காட்டி, பதிவுக் கட்டணத்தைச் செலுத்திய பிறகே விசா நேர்முகத்துக்குப் போக முடியும். 2019 ஜூன் மாதத்திலிருந்து இக்கட்டணம் 350 டாலர். விசாக் கட்டணம் வேறு.

இரண்டாவது, புதிய மாணவர் படிப்புத் தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னதாக அந்நாட்டுக்குள் நுழைய முடியாது. போய்ச் சேர்ந்ததும் அந்த அலுவலரை நேரில் பார்க்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ‘மாணவர் வந்தார், பாடங்களுக்குப் பதிந்தார், இன்ன முகவரியில் இருக்கிறார்’ என்று அலுவலர் பதிவுசெய்தாக வேண்டும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இதேபோல் மறுபடியும் பதிய வேண்டும். பெரட்டு அங்கேயும் நிற்கிறது. நாள்தோறும் அல்ல, பருவந்தோறும் என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாவது, நடுவில் ஏற்படும் மாற்றங்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் மாணவர் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். கல்லூரி அதை 21 நாளுக்குள் கணினியில் ஏற்ற வேண்டும். படிப்பை நிறுத்தினாலும், முன்கூட்டியே முடித்தாலும், பெயர் மாறினாலும், மாணவர் தகுதியைக் காக்கத் தவறினாலும் கல்லூரி அவ்வாறே அறிவிக்க வேண்டும். இது கல்லூரி விரும்பிச் செய்யும் காரியம் அன்று, சட்டக் கடமை. செய்யத் தவறினால் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமையையே அந்தக் கல்லூரி இழக்க நேரிடும்.

சிலர் இதை வேவு பார்ப்பது என்று எண்ணிப் பயப்படுவார்கள். ஒவ்வொரு தேர்விலும் என்ன மதிப்பெண், யாரோடு பேசினான் என்பதெல்லாம் கல்லூரி அனுப்பும் அறிவிப்பில் வருவதில்லை. மாணவர் பதிந்திருக்கிறாரா, முழுநேரம் படிக்கிறாரா, எங்கே குடியிருக்கிறார், எப்போது முடிப்பார் என்பவையே அதன் அடிப்படை.

இப்போது நம் பையனிடம் வருவோம். இளங்கலை மாணவர் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் மணி படித்தால்தான் முழுநேர மாணவர். இவன் சரியாக 12-க்குப் பதிந்திருந்தான். கணக்குப் பாடம் புரியவில்லை. “இப்போதே விட்டுவிடு, பிறகு மதிப்பெண் கெட்டுப்போகும்” என்று உடன் படித்த நண்பன் சொன்னான். அவன் அந்நாட்டுக்காரன், அவனுக்கு இந்த விதி கிடையாது. நம் பையன் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினான். 12 என்பது 9 ஆயிற்று. கல்லூரி அலுவலர் மின்னஞ்சல் அனுப்பினார். இவன் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. சில வாரங்களில் அவனுடைய பதிவு முடிக்கப்பட்டது.

என் மனத்தை வருத்தும் செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்தப் பாடத்தை விடுவதற்குச் சட்டத்திலேயே வழி இருந்தது! ஆங்கிலத்தில் தடுமாற்றம், அந்நாட்டுக் கற்பிக்கும் முறை பழகாமை, பொருந்தாத நிலையில் பாடம் அமைந்துவிட்டமை ஆகிய காரணங்களுக்காக, ஒரு பட்டப்படிப்புக்கு ஒருமுறை, பாதியளவு பாடம் குறையாமல் படிக்க அலுவலர் அனுமதி தரலாம். உடல்நலக் குறைவுக்கும் மருத்துவச் சான்றோடு அனுமதி உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: பாடத்தை விடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். விட்டபின் கேட்டால் அது மீறலாகிவிடும். அனுமதி பெற்று இடையில் விலகுபவருக்கு ஊர் திரும்ப 15 நாள் அவகாசம் உண்டு. அனுமதியின்றித் தகுதி இழந்தவருக்கு ஒருநாளும் இல்லை.

தகுதியை மீட்டுத் தரும்படி விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஆனால் முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் அவன் ஊருக்குத் திரும்பி வந்து, புதிய ஐ-20 பெற்று, மறுபடியும் கட்டணம் செலுத்தி, விசா வாங்கிப் போனான். தாயாரின் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. ஓராண்டு தாமதமாகப் பட்டம் பெற்றான். ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்காததன் விலை அது.

பதிவு எப்போதும் மாணவர் பிழையால்தான் போகும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 2025-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் கல்லூரிகள் கேட்காமலேயே, குடிநுழைவு அமலாக்கத் துறை தானாகவே ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை முடித்தது. மாணவர்கள் பல நீதிமன்றங்களை நாடினார்கள். நீதிபதிகள் தடை விதித்தார்கள். ஏப்ரல் இறுதியில் பதிவுகளைத் திருப்பித் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. அத்தகைய வேளையில் ஐ-20 படிவங்களையும் கல்லூரிக் கடிதங்களையும் ஒழுங்காக வைத்திருப்பவரால்தான் தம் பக்க நியாயத்தை எடுத்துக் காட்ட முடியும்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. நம் நாட்டுக் கல்லூரிகளுக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் மாணவர் அனுமதியைக் கல்லூரி மூலமாகவே விண்ணப்பித்துப் பெற வேண்டியிருக்கிறது.

பெற்றோர்களே, நீங்கள் அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையிடம் சில கேள்விகள் கேட்டால் போதும். புறப்படும் முன்: “அந்தக் கல்லூரிக்கு அரசாங்கச் சான்று உண்டா? அரசாங்க இணையத்தளத்தில் நீயே பார்த்தாயா, ஏஜெண்டு சொன்னதைத்தான் நம்பினாயா?” போய்ச் சேர்ந்த பிறகு: “அலுவலரைப் பார்த்தாயா? அவர் பெயர் என்ன?” ஒவ்வொரு பருவத்திலும்: “எத்தனை கிரெடிட்? கல்லூரி மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறாயா? இப்போது எந்த வீட்டில் இருக்கிறாய், கல்லூரிக்குச் சொன்னாயா?” பாடம் விடுவதோ, கல்லூரி மாறுவதோ, வேலைக்குப் போவதோ எதுவானாலும், “முதலில் அலுவலரைக் கேள், பிறகு செய்” என்று சொல்லி அனுப்புங்கள். விதிகள் அவ்வப்போது மாறும். இந்தப் பழக்கம் மாறக் கூடாது.

நம் முன்னோர் பெரட்டுக்கு நேரத்தில் போய் நின்று, உழைத்த நாளுக்குரிய பதிவை விட்டுக்கொடுக்காமல் வாங்கினார்கள். அந்த உழைப்பில் படிக்கப் போகும் பிள்ளைகள் தங்கள் பெயர்ப்பதிவையும் அதே கவனத்தோடு காத்துக்கொள்ள வேண்டும். கஷ்டமென்றால் வாய் திறந்து கேட்கும் துணிவை அவர்களுக்கு நாம்தான் கொடுத்தனுப்ப வேண்டும்.