குற்றம் தொலைபேசிக் கம்பியிலா?

1995 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பிவழித் தகவலைக் கணிப்பொறிக்குக் கொணர்ந்த கருவி மோடம். வேகம் குன்றினால் பலரும் கம்பியையே குறை கூறினர். சில வேளைகளில் குற்றம் கணிப்பொறிக்குள்ளேயே இருந்தது.

மோடம் தரும் எழுத்துகளை ஏற்கும் பழைய 16450 சில்லில் ஓர் எழுத்துக்கே இடமுண்டு. பல நிரல்கள் ஒருங்கே இயங்கினால், செயலி அதனை எடுத்துக்கொள்ளத் தாமதிக்கும். அடுத்த எழுத்து வந்து முந்தையதை அழித்துவிடும். இழந்ததை மீண்டும் பெறுவதிலேயே நேரம் கழியும். பின்னர் வந்த 16550ஏ சில்லு 16 எழுத்துகளைத் தாங்கி இக்குறையைத் தணித்தது.

மோடத்தின் காலம் மறைந்தது; பாடம் மறையவில்லை. வடக்கனந்தல் போன்ற ஊர்களில் பிள்ளைகளின் படிப்புக்குப் பழைய கணிப்பொறி வைத்திருப்போர், புதியது வாங்கக் கடன்படுமுன் வேண்டாத நிரல்களை மூடிப் பார்க்கட்டும். வீண்விரயத்தை நம் மார்க்கம் வெறுக்கின்றதன்றோ!